நிற்கத் தெரிந்த இயந்திரம்

பியூஸ் போன பல்பின் அடிப்பகுதியைத் தட்டி எடுத்து, உள்ளிருக்கும் இழையை அகற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். முற்றத்தில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைக் கதவிடுக்கு வழியாக உள்ளே அனுப்புவான். இருட்டறையில் இன்னொருவன் அந்த ஒளியின் குறுக்கே பிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடிப்பான். பல்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் சுண்ணாம்புச் சுவரில் சட்டென்று ஒரு முகம் தெளியும். டூரிங் டாக்கீஸ் இருந்த சிற்றூர்களில் வளர்ந்த பலருக்கு ஒளியியலின் முதல் பாடம் இதுதான். எனக்கும் இதுதான்.

அந்தச் சினிமாவில் ஒரே ஒரு குறை இருந்தது. படம் அசையாது. அசைக்க நாங்கள் செய்யாத முயற்சி இல்லை. பிலிமை மெல்ல இழுத்தால் முகம் சுவரில் வழுக்கிக்கொண்டு போகும். வேகமாக இழுத்தால் முகமே இருக்காது, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு மட்டும் மிஞ்சும். இன்னும் வேகமாக இழுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினோம். பல ஆண்டுகள் கழித்து, பழைய 8 மி.மீ. புரொஜெக்டர் ஒன்றின் பக்கக் கதவைத் திறந்து, அதன் குமிழை விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தபோதுதான் பிழை எங்கே என்று புரிந்தது. எங்களிடம் இல்லாமல் போனது வேகம் அல்ல, நிறுத்தம்.

படம் ஓடுகிறது என்று சொல்கிறோம். சுவரில் படம் விழும் ஒவ்வொரு கணத்திலும் பிலிம் அசையாமல் நிற்கிறது. அது நகரும்போது ஒளி மறைக்கப்பட்டு அறை இருட்டில் இருக்கிறது. அந்த இருட்டு நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வீட்டுப் புரொஜெக்டர் என்னும் சிறிய பெட்டியின் அத்தனை உறுப்புகளும், அதன் அத்தனை நோய்களும், இந்த ஒரே வேலையிலிருந்து பிறக்கின்றன: பிலிமை நிறுத்து, காட்டு, மறை, அடுத்த பிரேமுக்கு இழு, மறுபடி நிறுத்து.

இந்த வேலையை நம் வீடுகளில் வேறோர் இயந்திரம் அன்றாடம் செய்துவந்திருக்கிறது. தையல் மிஷினில் துணி தொடர்ந்து ஓடுவதில்லை. ஊசி மேலே இருக்கும்போது அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையல் அளவு தள்ளுகின்றன. ஊசி இறங்கும்போது துணி நிற்கிறது. 1895-இல் சினிமாட்டோகிராஃபை உருவாக்கிய லூயி லூமியேர், பிலிமை நகர்த்தும் வழியைத் தையல் மிஷினிலிருந்தே எடுத்துக்கொண்டார். பிலிமின் ஓரத் துளைக்குள் ஒரு நகம் நுழைகிறது, கீழே இழுக்கிறது, வெளியே வருகிறது, மேலே போகிறது. நூற்றாண்டு கடந்தும் வீட்டுப் புரொஜெக்டர்களில் இந்த நகம் பெரிதாக மாறவில்லை.

நகத்துக்கு இந்த நடையைச் சொல்லிக்கொடுப்பது கேம் (cam) என்னும் சுழலும் தட்டு. சுழல்வது வட்டம், வேண்டியதோ நகர்வு, ஓய்வு, நகர்வு, ஓய்வு. வட்டத்திலிருந்து ஓய்வை எப்படிப் பெறுவது? லூச்-2 என்ற சோவியத் 8 மி.மீ. புரொஜெக்டரில் இதற்கான விடை ஒரு அழகான வடிவியல் உருவம். மூன்று பக்கங்களும் வில்லாக வளைந்த முக்கோணம். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரெலோவின் பெயரால் அறியப்படுவது. எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் அதன் அகலம் ஒன்றே. அதனால் ஒரு சதுரச் சட்டத்துக்குள் அது எப்போதும் ஆட்டமில்லாமல் பொருந்தி நிற்கும். இந்த முக்கோணத்தை அதன் ஒரு முனையில் அச்சாணி போட்டுச் சுழற்றுங்கள். அச்சாணிக்கு எதிரேயுள்ள வில், அந்த முனையையே மையமாகக் கொண்ட வட்டத்தின் துண்டு. ஆகவே அந்த வில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க முக்கோணம் சுழன்றாலும் சட்டம் அசையாது. ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு இறக்கம், ஆறில் ஒரு பங்கு ஓய்வு, மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், ஆறில் ஒரு பங்கு ஓய்வு. அந்த ஓய்வு நேரத்தில்தான் நகம் துளைக்குள் நுழைவதும் வெளியேறுவதும். ஒரு கணிதப் பண்பு, பிறந்தநாள் விழாவைச் சுவரில் காட்ட உழைக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

நகத்தின் கடுமையைக் கணக்கிட்டும் பார்க்கலாம். பழைய 8 மி.மீ. பிலிமில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 3.81 மி.மீ. மௌனப் படக் காலத்து வேகமான வினாடிக்கு 16 பிரேம் என்றால், பிலிமின் சராசரி வேகம் வினாடிக்கு 6 செ.மீ. எறும்போடு நடக்கும் வேகம். ஆனால் அந்த 3.81 மி.மீட்டரைக் கடக்க, ஒரு பிரேமுக்குரிய நேரத்தில் நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாதித் தூரம் வேகமெடுத்து மீதிப் பாதியில் வேகம் குறைய வேண்டும். அதற்கான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத துளையின் விளிம்பில், வினாடிக்கு 16 முறை இந்த இழுப்பு விழுகிறது. 50 அடிச் சுருளில் 4,000 பிரேம்கள். நான்கு நிமிடம் பத்து வினாடி ஓட்டத்தில் 4,000 இழுப்புகள்.

இதில் பிலிம் கிழியாமல் இருப்பதற்குக் காரணம், பிலிம் ஒளியின் முன் நிற்கும் இடமான கேட்டுக்கு (gate) மேலும் கீழும் தளர்வாக விடப்படும் இரண்டு வளைவுகள். சுருளிலிருந்து பிலிமைக் கொண்டுவரும் பற்சக்கரம் ஒரே சீராகச் சுற்றுகிறது. நகமோ விட்டுவிட்டு இழுக்கிறது. சீரான ஓட்டத்துக்கும் விட்டுவிட்டு வரும் இழுப்புக்கும் நடுவே அந்தத் தளர்ந்த வளைவு பொறுமையாகக் கூடிக் குறைந்து இரண்டையும் சமாளிக்கிறது. பிலிம் மாட்டும்போது இந்த வளைவைச் சிறிதாக விட்டுவிட்டால் படம் சுவரில் துள்ளத் தொடங்கும், டகடகவென்ற ஒலி மாறும். ஒலி மாறியதும் கை தானாக சுவிட்சுக்குப் போக வேண்டும். புரொஜெக்டரோடு பழகியவர்கள் படத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், இயந்திரத்தைக் காதால் பார்ப்பார்கள்.

இனி இருட்டு. பிலிம் நகரும் நேரத்தை மறைக்க லென்ஸுக்கும் விளக்குக்கும் இடையே ஷட்டர் என்னும் விசிறி சுழல்கிறது. ஒரே ஓர் இதழ் போதும், நகர்வு மறைந்துவிடும். ஆனால் வினாடிக்கு 16 முறை அணைந்து எரியும் ஒளி கண்ணை வதைக்கும். அதனால் வீட்டுப் புரொஜெக்டர்களின் ஷட்டரில் பெரும்பாலும் மூன்று இதழ்கள். ஓர் இதழ் நகர்வை மறைக்கிறது. மற்ற இரண்டும் நின்றுகொண்டிருக்கும் பிரேமையே வேண்டுமென்று மறைத்துத் திறக்கின்றன. 16 பிரேம், 48 மின்னல். அந்த எண்ணிக்கையில் கண் தனித்தனி மின்னல்களைப் பிரித்தறிவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. விலை, பாதியளவு ஒளியை இழப்பது. இன்னும் அதிக இருட்டைச் சேர்த்துத்தான் இருட்டை மறைக்க முடிகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் விஷயம்.

பள்ளிப் பாடங்களில் சினிமாவுக்குப் 'பார்வை நிலைப்பு' என்று ஒரே காரணம் சொல்லி முடித்துவிடுவார்கள். விழித்திரையில் முந்தைய பிம்பம் சற்று நேரம் தங்குகிறது, அதனால் படம் அசைகிறது என்று. இது பாதிதான். பிம்பம் தங்கினால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பிய படம்தான் தெரிய வேண்டும், எங்கள் சாம்பல் பூச்சு போல. ஒளி விட்டுவிட்டு வருவது தெரியாமல் போவது ஒன்று. அடுத்தடுத்து இரண்டு இடங்களில் தெரிந்த பொருளை 'நகர்ந்தது' என்று உணர்வது முற்றிலும் வேறொன்று. 1912-இல் மாக்ஸ் வெர்ட்தைமர் இந்த இரண்டாவதைத்தான் ஆராய்ந்து எழுதினார். அசைவைப் புரொஜெக்டர் சுவருக்கு அனுப்புவதே இல்லை. வரிசையாக நின்ற படங்களை மட்டும் அனுப்புகிறது. அசைவைச் சேர்ப்பது பார்ப்பவரின் மூளை.

சினிமா வீட்டுக்குள் வருவதற்குத் தடையாக இருந்தது இயந்திரம் அல்ல, நெருப்பு. தொடக்கக் காலப் பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். எரியத் தேவையான ஆக்ஸிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், தண்ணீருக்குள் அமுக்கினாலும் தொடர்ந்து எரியக்கூடியது. விளக்குகளும் அதற்குச் சளைத்தவை அல்ல. 1897 மே மாதம் பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் புரொஜெக்டர் விளக்கின் ஈதர் ஆவி தீப்பிடித்து 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒரு பொருளைக் கூடத்தில் வைத்துக் குழந்தைகளுக்கு நடுவே ஓட்ட யார் துணிவார்கள்?

எளிதில் தீப்பற்றாத அசிடேட் பிலிம் வந்த பிறகுதான் வழி திறந்தது. 1922 கிறிஸ்துமஸ் காலத்தில் பிரான்ஸின் பத்தே நிறுவனம் பத்தே பேபி என்ற கைச்சுற்றுப் புரொஜெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிலிமின் அகலம் 9.5 மி.மீ., துளை ஓரத்தில் இல்லாமல் நடுவில், இரண்டு பிரேம்களுக்கு இடையே. எழுத்துகள் வரும் இடத்தில் பிலிமின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டை உணர்ந்ததும் இயந்திரம் சில வினாடிகள் ஒரே பிரேமில் நின்றுவிடும். படிக்க நேரம் கிடைக்கும், பிலிமும் மிச்சம். நிற்கும் கலையை இதைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்திய இயந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த ஆண்டு, 1923-இல், ஈஸ்ட்மன் கோடாக் 16 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தது. 17.5 ஏன் இல்லை? 35 மி.மீ. நைட்ரேட் பிலிமை இரண்டாகக் கிழித்து யாரும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக என்று காரணம் சொல்வார்கள். கேமரா, புரொஜெக்டர், முக்காலி, திரை எல்லாம் சேர்ந்த தொகுப்பின் விலை 335 டாலர். அன்றைக்கு அது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு. 1932-இல், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 8 மி.மீ. வந்தது. அதே 16 மி.மீ. பிலிமில் இரட்டிப்புத் துளைகள். ஒரு பாதியில் எடுத்து, சுருளைத் திருப்பி மறுபாதியில் எடுத்து, கழுவிய பின் நெடுக்காகக் கிழித்து ஒட்டினால் 25 அடி 50 அடியாகும். ஒரு பிரேமின் பரப்பு கால்வாசி ஆனது, செலவும் குறைந்தது. 1965-இல் சூப்பர் 8: அதே 8 மி.மீ. அகலம், துளைகள் சிறியவை, அதனால் படத்துக்கு இடம் அதிகம்.

சேகரிப்பவருக்கு இந்த வரலாறு வெறும் தேதிகள் அல்ல. கையில் கிடைத்த சுருள் எது என்று துளையைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய 8 மி.மீட்டரில் துளை பெரியது, இரண்டு பிரேம்கள் சந்திக்கும் கோட்டுக்கு நேரே இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறியது, பிரேமின் நடுவுக்கு நேரே. அகலம் ஒன்றுதானே என்று ஒன்றை மற்றொன்றின் இயந்திரத்தில் மாட்டினால் நகம் துளையைத் தேடிப் பிலிமையே குத்திக் கிழிக்கும்.

துளைகளைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் படத்துக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. கோடாக்கின் ஜான் காப்ஸ்டாஃப் உருவாக்கிய ரிவர்சல் முறையில், கேமராவில் ஓடிய அதே பிலிம்தான் கழுவப்பட்டு நேர்ப்படமாகத் திரும்பி வரும். முதலில் ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கருப்பாக்கி, அதைக் கரைத்து நீக்கி, மிச்சமிருக்கும் உப்புக்கு மறுபடி ஒளி காட்டிக் கருப்பாக்குகிறார்கள். எதிர்ப்படம் மறைந்து நேர்ப்படம் நிற்கிறது. பிரதி எடுக்கும் செலவு இல்லை என்பதால்தான் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியது. ஆனால் அதன் பொருள், உலகத்தில் அந்தப் படம் அந்த ஒரே சுருள்தான். தியேட்டரில் ஓர் அச்சு தேய்ந்தால் இன்னோர் அச்சு வரும். இங்கே புரொஜெக்டரில் நாம் மாட்டுவது மூலத்தையே. ஒவ்வொரு ஓட்டமும் மூலத்தின் மேல் விழும் 4,000 இழுப்புகள்.

அந்த ஒரே சுருள் எவ்வளவு கனமானது என்பதற்கு 1963 நவம்பர் 22 சாட்சி. டாலஸ் நகரில் ஆபிரகாம் சப்ரூடர் தன் பெல் அண்ட் ஹோவல் 8 மி.மீ. கேமராவில் அதிபர் கென்னடி கொல்லப்பட்ட ஊர்வலத்தைப் படமெடுத்தார். 486 பிரேம்கள். கேமராவின் வேகம் வினாடிக்கு 18.3 பிரேம் என்று பின்னர் அளந்தறியப்பட்டது. அந்த ஒற்றை எண் தெரிந்ததால், வீட்டுக் கேமராவின் சுருள் ஒரு கொலையின் கடிகாரமாக மாறியது. பிரேம்களை எண்ணினால் நேரம் கிடைத்தது. எனக்கு இன்னும் நெருக்கமான சுருள் வேறொன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் அடைக்கப்பட்ட யூட்டாவின் டோபாஸ் முகாமில், கேமரா தடைசெய்யப்பட்டிருந்தும், டேவ் டாட்சுனோ தன் 8 மி.மீ. கேமராவை ரகசியமாக வைத்திருந்து வண்ணத்தில் படமெடுத்தார். பனியில் நடக்கும் மக்கள், குடும்பங்கள், அன்றாடம். 1996-இல் அது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்கள் எடுத்த இத்தகைய வீட்டுப் படங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய ஆய்வு மையத்தில் காக்கப்படுகின்றன. கேமராவைப் பிடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். பின்னணியில் நம் தெருக்களும், ஆயாக்களும், வண்டிக்காரர்களும் பதிந்துவிட்டார்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கும் இந்தக் கதையில் ஓரிடம் உண்டு, வருத்தமான இடம். 1948-இல் அறிமுகமான ட்ரைஅசிடேட் பிலிம் கெட்டுப்போகும் என்பதை, வந்து பத்தாண்டு முடிவதற்குள் முதலில் கோடாக்குக்குத் தெரிவித்தது இந்திய அரசு. வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த கிடங்குகளில் இருந்த பிலிம்கள் அவை. நெருப்பிலிருந்து நம்மைக் காப்பாற்றிய அதே அசிடேட், மெல்லப் பிரிந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. டப்பாவைத் திறந்ததும் காடி நெடி முகத்தில் அடிக்கும். வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. குளிரில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பது அமிலத்தைச் சேர்த்து வைப்பதற்குச் சமம். நெடி வந்த சுருளை நல்ல சுருள்களோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது.

அமிலத்தோடு சுருக்கமும் வரும். நூற்றில் ஒரு பங்கு சுருங்கினால் துளைக்குத் துளை 0.04 மி.மீ. குறையும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பற்சக்கரத்தில் ஒரே நேரத்தில் பல பற்கள் துளைகளில் உட்காருகின்றன. பிழை பல்லுக்குப் பல் கூடி, கடைசிப் பல் துளையின் விளிம்பில் ஏறி நிற்கும். அந்த நிலையில் புரொஜெக்டரில் ஓட்டுவது, இருக்கும் ஒரே மூலத்தை நம் கையாலேயே கிழிப்பது. அத்தகைய சுருளுக்கு இடம் பற்சக்கரமே இல்லாத, உருளைகளும் எல்.இ.டி. ஒளியும் கொண்ட ஸ்கேனர்தான்.

இயந்திரத்தை எழுப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழைய பொருள் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் சொருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன், 110 வோல்ட் விளக்கு 230 வோல்ட்டில் ஒரு நீல மின்னலோடு போனது, அதே போன்ற விளக்கைத் தேடி ஓராண்டு அலைந்தேன். முதலில் வோல்ட்டேஜ் பலகையைப் படிக்க வேண்டும். அமெரிக்காவுக்காகச் செய்த சில மோட்டார்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பி ஓடுபவை. நம் 50 ஹெர்ட்ஸில் 18 பிரேம் 15 ஆகிவிடும், டிரான்ஸ்பார்மர் அதைச் சரிசெய்யாது. பிறகு, மின்சாரமே இல்லாமல், குமிழைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கிடந்த இயந்திரத்தில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், ரப்பர் பெல்ட் இளகித் தாராக வழிந்திருக்கும் அல்லது உடைந்து கிடக்கும். இறுகிய கிரீஸோடு மோட்டாரை ஓட்டினால் பிளாஸ்டிக் பற்சக்கரம்தான் முதலில் உடையும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். பிலிம் உரசிச் செல்லும் கேட்டை மரக்குச்சியாலும் பஞ்சாலும்தான் சுத்தம் செய்ய வேண்டும். இரும்பு படவே கூடாது. கேட்டில் விழும் ஒரு கீறல் ஒவ்வொரு சுருளிலும் ஒரு நெடுங்கோடு.

தூசியைப் பற்றி ஒரு கணக்கு. 8 மி.மீ. பிரேமின் அகலம் ஏறக்குறைய 4.5 மி.மீ. அதை ஒரு மீட்டர் அகலத்துக்குக் காட்டினால் 220 மடங்கு பெருக்கம். தலைமுடி ஒன்று கேட்டில் சிக்கினால் சுவரில் விரல் தடிமனில் ஆடும். பரப்பில் இந்தப் பெருக்கம் கிட்டத்தட்ட 50,000 மடங்கு. விளக்கின் ஒளி அவ்வளவு மெலிந்து பரவுகிறது. அதனால்தான் இவ்வளவு சிறிய பெட்டிக்குள் 500 வாட், 750 வாட் விளக்குகள். அதில் பெரும்பகுதி வெப்பம். ஒரு பிரேம் அந்த வெப்பத்தின் முன் நிற்பது வினாடியில் சிறு துணுக்கு நேரம் என்பதால் தப்பிக்கிறது. நகம் நழுவி அங்கேயே நின்றுவிட்டால், சுவரில் படத்தின் நடுவே பழுப்பு நிறக் கொப்புளம் எழும். பின்னாளில் வந்த ஹாலஜன் விளக்குகளின் பின்புறக் கண்ணாடி, ஒளியைப் பிலிமை நோக்கித் திருப்பி, அகச்சிவப்பு வெப்பத்தைத் தன் வழியே பின்னால் கடந்துபோக விடுகிறது. அந்தப் பழைய 500 வாட் விளக்குகளுக்கு விசிறிதான் துணை.

என்னிடமிருக்கும் சுருள்களை முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, சுருங்காதவற்றை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுகிறேன். கைபேசியில் அதைப் படம்பிடிக்க விரும்பும் உறவினர்களுக்காக வேகத்தை வினாடிக்கு 16⅔ பிரேமுக்குத் திருப்புவேன். மூன்று இதழ் ஷட்டரில் அது சரியாக 50 மின்னல்; வினாடிக்கு 25 பிரேம் எடுக்கும் கேமராவுக்கு ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு மின்னல் கிடைக்கும், ஒளி துடிக்காது.

கடைசிச் சுருளின் வால் கேட்டை விட்டு நழுவியதும் சுவர் வெள்ளையாகிவிடும். விளக்கை அணைக்கலாம். மோட்டாரை அணைக்கக் கூடாது. விளக்கின் இழை சூடாக இருக்கும்போது மிக மென்மையானது, விசிறி நின்றால் உள்ளே சேர்ந்த வெப்பம் கண்ணாடியையும் தகிக்க வைக்கும். பிள்ளைகளை எழுந்து ஓடாமல் இருக்கச் சொல்லி, மேசை அதிராமல், ஐந்து நிமிடம் அப்படியே இருட்டில் உட்கார்ந்திருப்போம். பிலிம் இல்லாத கேட்டில் நகம் இறங்கி ஏறுகிற ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு வெதுவெதுப்பாக இறங்கியதும் சுவிட்சைத் திருப்புவேன்.